கிளுவைக் கழி

"பதினோரு நாளா உட்கார்ந்திருக்கேன், தாயி. ஒரு கிளுவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கலை."

இப்படி முறையிட்டவர் ஜவுளிக்கடை மாசிலாமணி. வயது ஐம்பத்தெட்டு. முறையிட்டது சடைச்சியிடம். அவளுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது.

செங்குளத்துக் கண்மாயில் பறவை பிடிப்பதில் சடைச்சிக்கு நிகர் கிடையாது. பறவை பிடிக்கக் கூடாது என்று சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. அவளிடம் தொழில் பழக நாலு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லித்தர மாட்டேனென்கிறாள் என்பது அவர்கள் குறை.

மாசிலாமணி திரும்பிப் போகவில்லை. போகவும் முடியாது. அவருடைய மீசை பணயத்தில் இருந்தது.

ஐப்பசியில் பேத்திக்குக் காதுகுத்து. சம்பந்தி வீரபத்திரர் வீட்டில் விருந்து. குளிர்காலத்தில் கண்மாயில் வந்து இறங்கும் குட்டை வாத்துக்குக் கிளுவை என்று பெயர். அந்தக் கிளுவைக் கறியை இலை இலையாகப் பரிமாறிவிட்டு, அதைத் தான் எப்படி வலைபோட்டுப் பிடித்தேன் என்று வீரபத்திரர் கதை சொன்னார். பந்தி முடிந்தது, கதை முடியவில்லை.

கடைசியில், "நம்ம சம்பந்தியும் பிடிப்பார். கடையில அந்துப்பூச்சி" என்றார்.

பந்தியே சிரித்தது. மாசிலாமணி எச்சில் கையோடு எழுந்தார்.

"வர்ற மாட்டுப்பொங்கலுக்கு, என் கையால பிடிச்ச கிளுவையை உங்க இலையில வைக்கிறேன். இல்லைன்னா இந்த மீசையை எடுத்துடறேன்."

பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வடிவம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

கிளுவை பிடிக்கிற முறை பெரிய வித்தை இல்லை. நீரோரமாக வலையை மடித்துப் போட வேண்டும். நெல்லைத் தூவ வேண்டும். கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு மறைவாக உட்கார வேண்டும். பறவை நெல் கொத்த வந்ததும் கயிற்றை இழுத்தால் வலை கவிழும். உட்காருகிற அந்த இடத்தை மறைப்பு என்பார்கள். நாலு பக்கமும் கழிகளை நட்டு, கோரையைச் சாத்திக் கட்டினால் மறைப்பு.

மாசிலாமணி மறைப்பு கட்டினார். மலிவுச் சரக்கு முதல் சலவையிலேயே பல்லிளிக்கும் என்பது அவர் கடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். ஆகவே ஆசாரியை அழைத்துத் தேக்கில் கழி கடையச் சொன்னார். தலைக்குத் தலை பித்தளைப் பூண் போட்டார். எண்ணெய் பூசி மினுக்கினார்.

அந்த மறைப்பைப் பார்க்கத்தான் சடைச்சி வந்திருந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு பித்தளைப் பூணைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு, முதலாளி. பொண்ணு மாப்பிள்ளை எப்ப வர்றாங்க?"

மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போனது. பின்னே எதைத்தான் நடுவது என்று கேட்டார்.

"கிளுவைக்குக் கிளுவை" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் இரண்டு நாள் யோசித்தார். பறவையைக் காட்டிப் பறவையை அழைக்கச் சொல்கிறாள் என்று முடிவுகட்டினார். ஊர்க் குயவரிடம் சொல்லி மண்ணால் ஒரு கிளுவை செய்து, நிறம் தீட்டி, தண்ணீரில் விட்டார். கொஞ்ச நேரம் அது நீந்துவது போலத்தான் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

மறுநாள் வடிவம்மாள் வளர்க்கிற வாத்துகளில் ஒன்றைத் தூக்கிவந்து, காலில் கயிறு கட்டிக் கரையோரம் விட்டார். அந்த வாத்து கிளுவைகளை அழைக்கவில்லை. வடிவம்மாளை அழைத்தது. அது கத்திய கத்தலில் கண்மாயில் இருந்த பறவையெல்லாம் அக்கரைக்குப் போயின. அக்கரையில் துணி துவைத்தவர்கள் எல்லாம் இக்கரைக்கு வந்தார்கள். வடிவம்மாளும் வந்தாள்.

அவள் வாத்தை அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள். பாதி ஏறியவள் திரும்பினாள்.

"கிளுவைதான் வேணும்னா நம்ம வீட்டு வேலியில வரிசையா நிக்குதே. அதைப் பிடிச்சுக் கட்டுங்க. அது கத்தாது."

மாசிலாமணி அப்படியே நின்றார்.

கிளுவை என்று ஒரு மரமும் இருக்கிறது. முள் மரம். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டு வேலியும் அதுதான். வெட்டினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், வெட்டாவிட்டால்தான் கேட்பார்கள். முப்பது வருடமாக அந்த வேலியை ஒட்டித்தான் அவர் கடைக்குப் போய்வந்தார்.

அன்று சாயங்காலமே கொல்லனிடம் அரிவாளைச் சாணை பிடித்து வந்தார். அது ஒன்றுதான் செலவு.

வாழ்க்கையில் முதல்முறையாக மாசிலாமணி கழி வெட்டினார். கையெல்லாம் முள். வேட்டியில் மூன்று கிழிசல். ஆனால் வேலையில் அவர் நறுவிசானவர். முள்ளை நீக்கினார். பட்டையைச் சீவினார். கோணலை எல்லாம் கழித்துக்கட்டினார். கடையிலிருந்து கஜக்கோலை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் அளந்து, நூல் பிசகாமல் ஒரே அளவாக நறுக்கினார். கட்டாகக் கட்டித் தலையில் சுமந்துபோய்ச் சடைச்சி முன்னால் இறக்கினார்.

கழிகள் சீவிய நுங்கு போல வெள்ளை வெளேரென்று கிடந்தன.

சடைச்சி கழிகளைத் தொடவில்லை. அவர் கையிலிருந்த கஜக்கோலை வாங்கிக்கொண்டாள். சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நின்ற கோரையில் ஒன்றைப் பிடித்து நிமிர்த்தி, கோலை வைத்து அளந்தாள்.

"ஒரு கஜம்" என்றாள்.

அடுத்த கோரையை அளந்தாள். "முக்கால்."

அதற்கடுத்தது. "ஒரு கஜமும் நாலு விரலும்."

தனக்குப் பரீட்சை வைக்கப் போகிறாள் என்று எண்ணி மாசிலாமணி அளவுகளை மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.

"இது ஒடிஞ்சிருக்கு, முதலாளி. ஒடிஞ்சதை எப்படி அளக்கறது?"

ஏழாவது கோரையிலும் அவருக்கு விளங்கவில்லை. எட்டாவது கோரை வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி அளக்க அவள் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தலையைக் குனிந்து தன் வெள்ளைக் கழிகளைப் பார்த்தார். பிறகு கோரைக் கூட்டத்தைப் பார்த்தார்.

"போதும், தாயி. மேலே வாங்க."

சீவிய கழிகள் அடுப்புக்குப் போயின. அவர் மறுபடி வேலிக்குப் போனார். இந்தமுறை கோணலைத்தான் தேடினார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. பட்டையில் கை வைக்கவில்லை. தலையில் கவட்டை இருந்தால் அப்படியே விட்டார், குறுக்குக் கம்பைத் தாங்க அது போதும். அடியை மட்டும் சாய்வாகக் கூராக்கினார்.

அடுத்தது நடுவது. தேக்குக் கழி நட்ட கொட்டாப்புளி அவரிடம் இருந்தது. மரச் சுத்தியல்தான், ஆனால் ஆனையைத் தட்டி எழுப்பலாம். ஓங்கி ஒரு போடு போட்டார். கழியின் தலை பிளந்தது. அந்தச் சத்தத்தில் கண்மாயில் இருந்த பறவைகள் மொத்தமும் எழுந்தன. எதிர்க்கரையில் கயிற்றோடு காத்திருந்த சடைச்சியும் எழுந்தாள்.

கண்மாயைச் சுற்றிக்கொண்டு அவள் வந்துசேர அரை நாழிகை ஆயிற்று. வந்தவள் கொட்டாப்புளியை வாங்கித் தண்ணீரில் வீசினாள். அது மிதந்து போனது. போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் ஒரு கழியைச் சேற்றில் நிறுத்தினாள். அடியில் ஒரு கை தண்ணீர் ஊற்றினாள். இரண்டு கையாலும் பிடித்து, மோர் கடைவது போல முன்னும் பின்னும் அசைத்தாள். கழி சத்தமில்லாமல் முழங்கால் ஆழம் இறங்கியது.

"பாரம் போட்டு அழுத்தணும்னு நினைச்சேன்" என்றார் மாசிலாமணி.

அவள் அடுத்த கழியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் அன்று முழுக்கக் கழிகளைக் கடைந்தார். ஒருமுறை கழி நின்றது, அவர் விழுந்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் நட்டு, பனை நாரால் குறுக்குக் கம்புகளை வரிந்து, கோரையைச் சாத்திவிட்டார். தள்ளி நின்று பார்த்தபோது, பார்க்கும்படியாக ஒன்றுமே இல்லை. அவருக்கு முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் சந்தோஷமாக இருந்தது.

மறைப்பு சரியாகிவிட்டது. உள்ளே இருந்த ஆள் இன்னும் சரியாகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முதல் கிளுவை வந்து இறங்கியது. நெல்லை நோக்கி ஒய்யாரமாக நீந்தி வந்தது. இன்னும் ஒரு முழம் வந்தால் வலை. அந்த நேரத்தில் மாசிலாமணியின் வாயிலிருந்து, "வாங்க வாங்க, என்ன பார்க்கறீங்க?" என்று வந்துவிட்டது. முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த பழக்கம். கிளுவை ஒன்றையும் பார்க்காமலே போய்விட்டது.

சடைச்சியிடம் போய் உண்மையைச் சொன்னார். அவள் ஒரு செம்பு தண்ணீரை நீட்டினாள். குடித்தார். இன்னொரு செம்பு கொடுத்தாள். அதையும் குடித்தார். மூன்றாவது செம்பு வந்தபோது, ஒரு வாய் எடுத்துவிட்டு விழுங்காமல் அவளைப் பார்த்தார்.

அவள் தலையசைத்தாள்.

அன்றிலிருந்து வாய் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தார். வீட்டுக்குத் திரும்பும்போதும் சிலநாள் துப்ப மறந்துவிடுவார். வடிவம்மாள் நாலு கேள்வி கேட்டாலும் பதில் வராது. சடைச்சிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவள் அப்போதுதான் நினைத்தாள்.

மார்கழி பாதியில் ஒரு காலை, மாசிலாமணி மறுபடி முறையிட வந்தார்.

"மலிவுச் சரக்கு காலை வாரிடுச்சு, தாயி. கழியெல்லாம் முளைக்குது."

சடைச்சி அப்போதுதான் அவர் முன்னால் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வலையைத் தைக்கப் போய்விட்டாள்.

கிளுவைக் கொம்பை ஈர மண்ணில் குத்தினால் வேர் விடும். வேலிக்கு அதை வைப்பதே அதனால்தான். பத்தே நாளில் கழிகள் இலைவிட்டுப் புதராயின. ஒரு வெள்ளாடு வந்து கிழக்குச் சுவரைத் தின்றது. அதை ஓட்டியவன் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் புதருக்கு ஓர் அடி கொடுத்துவிட்டுப் போனான். அடி முதுகில் விழுந்தது. வாயில் தண்ணீர் இருந்ததால் மாசிலாமணி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மீன்கொத்தி அவர் தலைக்கு மேல் இருந்த கவட்டையைத் தன் இடமாக்கிக்கொண்டது.

கிளுவைகள் வந்தன. ஆனால் ஒன்று வரும்போது கயிறு சிக்கும். கயிறு சரியாக இருக்கும்போது ஒன்றும் வராது. இப்படியே போகி வந்துவிட்டது. மாட்டுப்பொங்கலுக்கு நடுவே ஒரு நாள்தான். பொங்கலன்று வீட்டை விட்டு வர முடியாது. ஆக, இன்று பிடித்தால் உண்டு.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். நெல்லைத் தூவி, கயிற்றைச் சரிபார்த்து, வாயில் தண்ணீரோடு அவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் கரைமேல் காலடிச் சத்தம் கேட்டது. இலை இடுக்கில் பார்த்தார். சடைச்சி. அவளுக்குப் பின்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீரபத்திரர்.

சடைச்சி பறவை விற்பது எப்போதும் மடைப் பக்கம். அன்று ஏன் அவரை மறைப்புக்கு மூன்று அடி பக்கத்தில் கூட்டிவந்து நிறுத்தினாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

வீரபத்திரர் ரகசியம் பேசுகிற குரலில் பேசினார். வழக்கம்போல இரண்டு ஜோடி வேண்டும் என்றார். வழக்கம்போல, வலையில் பட்ட அடையாளம் கழுத்தில் தெரிய வேண்டும் என்றார்.

மாசிலாமணி தண்ணீரை விழுங்கப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, நீர்ப் பக்கமிருந்து ஐந்து கிளுவைகள் வந்தன. கரையில் நிற்பவர்களை அவற்றுக்குத் தெரியாதபடி புதர் மறைத்தது. ஐந்தும் நேராக நெல்லுக்கு வந்து, வலை விழுகிற இடத்தில் குனிந்தன. கயிறு கையில் இருந்தது. சிக்கல் இல்லை.

ஓர் இழுப்பு. வலை விழும். ஐந்து பறவைகளோடு அவர் புதரிலிருந்து எழுந்து நிற்பார். சம்பந்தியின் முகம் எப்படி ஆகும் என்று எழுபது நாளாக அவர் நினைத்து நினைத்து ரசித்திருந்தார்.

பின்னால் வீரபத்திரர் பேசிக்கொண்டிருந்தார். தன் அப்பா பெரிய வேட்டைக்காரர் என்றார். தனக்கு அது வரவில்லை, வலைக்குள் பறவை படபடவென்று அடித்துக்கொண்டால் தனக்கு மூச்சு முட்டும் என்றார். இளவட்டமாக இருக்கும்போது ஒரே ஒருமுறை வலை போட்டு, பிடித்ததைத் திறந்துவிட்டு, வீட்டில் பொய் சொன்னாராம். அந்தப் பொய்க்கு இத்தனை வருடமாகத் தீனி போட்டுவருகிறாராம்.

"எங்க சம்பந்திக்குக் கத்துக்கொடுக்காதே, தாயி. அவர் ஒண்ணு பிடிச்சுட்டார்னா, ரெண்டு சம்பந்தியும் சேர்ந்து வலை போட்டுக் காட்டுங்கன்னு ஊர் கேக்கும். மூத்த பேரன் இப்பவே தாத்தா நானும் வர்றேங்கறான். நான் எங்கே போய் நிப்பேன்?"

"அவரா?" என்றாள் சடைச்சி. "அவர் இன்னும் கழியே ஒழுங்கா நடலை."

மாசிலாமணி இலை இடுக்கில் திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்க ஆசைப்பட்ட முகம் அங்கே ஏற்கனவே இருந்தது. வேர்த்து, வெளிறி, துண்டு நுனியைக் கடித்துக்கொண்டு.

அவர் கயிற்றைத் தரையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

கிளுவைகள் அவசரமே படாமல் நெல்லைத் தின்றுமுடித்தன. ஒன்று தலையைத் தூக்கிப் புதரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஐந்தும் போயின. வீரபத்திரரும் கூடையைத் துண்டால் மூடிக்கொண்டு போனார்.

சடைச்சி புதரின் பக்கம் திரும்பவில்லை. கண்மாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அஞ்சு கிளுவை."

புதரில் இலை மட்டும் அசைந்தது.

"கயிறு அறுந்துபோச்சா?"

தண்ணீரைத் துப்புகிற சத்தம் கேட்டது. "இல்லை, தாயி."

"வலையில சிக்கலா?"

"இல்லை, தாயி."

அவள் புதரின் பக்கம் திரும்பினாள்.

"கஞ்சி இருக்கு. வாங்கண்ணே."

அதுவரை அவள் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் வலையைச் சுருட்டினார். மாட்டுப்பொங்கல் காலையில் நாவிதரை அழைத்தார். நாவிதர் இரண்டுமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கத்தியை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேலுதட்டைப் பார்த்திராத வடிவம்மாள், கிட்டே வந்து உற்றுப் பார்த்து, "பரவாயில்லை, சின்ன வாய்தான்" என்றாள்.

சம்பந்தி வீட்டில் அவர் நுழைந்ததும் பந்தி அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரை ஏறியது. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், கழி முளைத்துவிட்டது என்றார். அது உண்மை. அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

முதலில் சிரிக்க வேண்டிய வீரபத்திரர் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்தி இலையில் தானே கறி வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்றைக்கு வேட்டைக் கதை ஒன்றும் வரவில்லை.

பொங்கல் கழிந்த பிறகும் மாசிலாமணி காலையில் கண்மாய்க்குப் போனார். வலை எடுத்துப் போகவில்லை. ஏன் போகிறார் என்று அவரைக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. கிளுவைகள் அவர் காலடிவரை வந்து மேய்ந்தன. அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

தை கடைசியில் ஒருநாள் வீரபத்திரர் அவரைத் தேடி வந்தார். வடிவம்மாள் கண்மாய்க்குக் கைகாட்டினாள். கரைமேல் நின்று, "சம்பந்தி" என்று அவர் கூப்பிட்டதும், மூன்று அடி தள்ளி இருந்த புதர் அசைந்தது. அதிலிருந்து மாசிலாமணி தவழ்ந்து வெளியே வந்தார். மீசை பாதி முளைத்திருந்தது.

வீரபத்திரர் புதரைப் பார்த்தார். தன் கால் நின்ற இடத்தைப் பார்த்தார். மறுபடி புதரைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது.

"போகி அன்னிக்குக் காலையில..." என்று ஆரம்பித்தார்.

மாசிலாமணி முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தண்ணீரில் கிளுவைகள் சீழ்க்கை அடித்தன. வீரபத்திரர் வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலை வேண்டாம்" என்றார் கடைசியில். "சும்மா பார்க்க. உள்ளே இன்னொருத்தருக்கு இடம் இருக்குமா?"

மாசிலாமணி மறைப்பை ஒருமுறை சுற்றிவந்தார். ஒரு பக்கத்துக் கோரையை விலக்கி, கையை அகல விரித்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கழி வேணும், சம்பந்தி. வாங்க, வெட்டிட்டு வருவோம்."